கடைசிப் பத்தியில் வைத்த எச்சரிக்கை

மருத்துவப் பக்கம் இனி உங்கள் மூன்று பேர் பொறுப்பு என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்தைப் பதினாறு ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டேன். எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். தலைப்பு வைப்பது, மருத்துவர்களிடம் நேரம் வாங்குவது, அவர்கள் பேசும் ஆங்கிலத்தைத் தமிழில் கொண்டுவருவது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. ஒரே ஒரு கட்டுரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. எழுதியது நான். அதில் ஆறு வரியை வெட்டச் சொன்னதும் நான்தான்.

அப்போது எனக்கு ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. புற்றுநோய் ஆராய்ச்சியில் ஆர்.என்.ஏ. மாற்றங்கள் என்ற பேச்சு ஆங்கிலப் பத்திரிகைகளில் வரத் தொடங்கியிருந்தது. எங்கள் பத்திரிகையில் யாரும் அதைத் தொடவில்லை. அந்தத் துறையில் வேலை செய்யும் ஒரு பெண் ஆய்வாளர் மும்பை மாட்டுங்காவில் இருப்பதாகத் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம், மூன்றாவது தலைமுறை. சாப்பாட்டு மேசையில் காகிதத்தை வைத்து எனக்குப் புரியும்வரை படம் போட்டார்.

அவர் சொன்னது இது. செல்லுக்குள் மரபணு என்பது மூலப்பிரதி. செல் அதை வெளியே விடுவதில்லை. வேண்டிய பகுதியை மட்டும் நகலெடுத்து அனுப்பும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ.; அதைப் பார்த்துத்தான் புரதம் செய்யப்படுகிறது. பள்ளிப் பாடம் இத்தோடு முடிகிறது. ஆனால் நகல் வெறுமனே போவதில்லை. போகும் வழியில் அதன் மேல் ஆங்காங்கே சிறிய வேதிக் குறிகள் ஏறுகின்றன. எழுத்து எதுவும் மாறாது. எந்த நகல் எவ்வளவு நேரம் பிழைத்திருக்கும், எதைப் பார்த்து அதிகப் புரதம் செய்யப்படும், எது சீக்கிரம் சிதைக்கப்படும் என்பதை அந்தக் குறிகள் தீர்மானிக்கின்றன. குறியைப் போட ஒரு நொதி, எடுக்க ஒரு நொதி, குறியைப் பார்த்து வேலை செய்யச் சில புரதங்கள்.

"உங்க ஆபீஸ்ல மேட்டர் வந்தா ஓரத்துல பென்சில்ல எழுதுவேளே, இதைப் பெரிசாப் போடு, இதைத் தூக்கிடுன்னு. அதேதான்" என்றார்.

சில புற்றுநோய்களில் குறி போடும் நொதி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. வளரச் சொல்லும் நகல்கள் சாகாமல் இருக்கின்றன. அந்த நொதியை முடக்கும் மருந்துகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அவை செல் பெருகுவதைக் குறைக்கின்றன. கீமோவுக்கு அடங்காத செல்கள்கூடச் சில சோதனைகளில் மறுபடி அடங்குகின்றன. இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஒண்ணு கட்டாயம் எழுதணும். இதெல்லாம் பெரும்பாலும் தட்டுல வளர்த்த செல்லுலயும் எலியிலயும் பாத்தது. அதுவும் முக்கியமா ரத்தப் புற்றுநோய்ல. மனுஷாகிட்ட இப்பத்தான் சில இடத்துல ஆரம்பக் கட்டச் சோதனை. இன்னொரு விஷயம், ஒரு புற்றுநோய்ல வளர்த்துவிடற அதே குறி இன்னொண்ணுல தடுத்து நிறுத்தறது. தப்பான எடத்துல முடக்கினா கெடுதல்கூட ஆகலாம். எங்களுக்கே இன்னும் தெரியாது."

எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியை அவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவர் சொன்ன எல்லாம் அதில் இருந்தது. சிகிச்சையில் இருப்பவர்கள் இதை நம்பி இருக்கும் மருந்தை நிறுத்தக் கூடாது என்ற வாக்கியமும் இருந்தது. எனக்கு அந்தப் பத்திதான் முக்கியம் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

உங்களுக்குத் தெரியும், வாரப் பக்கம் வியாழக்கிழமை மூன்று மணிக்கு முடிய வேண்டும், சனிக்கிழமை வெளியாகும். அந்த வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தது. முதலாமாண்டு நினைவு நாள் சனிக்கிழமையே. மறுநாளைக்குத் தள்ள முடியாது. மும்பையில் தமிழ்ப் பத்திரிகை நடத்துகிற யாரும் அஞ்சலியைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். தாராவியில் ஒரு குடும்பம் அந்தப் பெட்டிக்குள் ஊர்ப்பெயர் முதல் பேரப்பிள்ளைகள்வரை எல்லோரையும் வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கும். ஒரு பெயர் விட்டாலும் காலையில் ஆள் வந்து நிற்பார்கள். எனவே அஞ்சலியில் கைவைக்க முடியாது. பக்கம் அமைப்பவர் தன் இடத்திலிருந்தே தலையைத் திருப்பி, "ஆறு வரி இடிக்குது மேடம்" என்றார். நான் வேறொரு பக்கத்தின் பிழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அடியிலேருந்து எடுத்துக்கோங்க" என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

முக்கியமானதை மேலே வை, இடம் போதாவிட்டால் அடியில் வெட்டு என்று நமக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிறார்கள். நல்ல விதி. தீ விபத்துக்கும் ரயில் தாமதத்துக்கும் அது பொருந்தும். ஆனால் மருத்துவக் கட்டுரையில் எங்களுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. நம்பிக்கை தரும் செய்தியை மேலே சொல்வோம். 'இருப்பினும்' என்று தொடங்கும் பத்தியைக் கடைசியில் வைப்போம். இரண்டு பழக்கங்களும் ஒரே பக்கத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. தலைப்பும் நீளமாக இருந்தது. 'புற்றுநோய் ஆய்வில் புதிய வழி' என்று வைத்திருந்தேன். எழுத்தைப் பெரிதாக்க 'ஆய்வில்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'புற்றுநோய்க்குப் புதிய வழி' என்று ஆக்கினேன். அந்த வேலையையும் வேறு யாரும் செய்யவில்லை.

சனிக்கிழமை காலை ஆய்வாளரிடமிருந்து செய்தி வந்தது. கடைசிப் பத்தி எங்கே என்று கேட்டிருந்தார். இடம் போதவில்லை, மன்னிக்கவும் என்று பதில் அனுப்பினேன். ஆக, பத்திரிகை வந்த அன்றே எனக்குத் தெரியும். தெரிந்து ஒன்றும் செய்யவில்லை. ஏன் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். அச்சானதில் தவறு இல்லை, அதனால் செய்ய ஒன்றும் இல்லை என்று நினைத்திருக்கிறேன்.

அடுத்த சில வாரங்களில் அலுவலகத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. எங்கே கிடைக்கும், எப்போது வரும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். குறிப்பேட்டில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோடு போட்டேன். பத்து கோடுகள். தொலைபேசி எண்ணை யாரிடமும் வாங்கவில்லை. வீட்டில் யாருக்கு நோய், இப்போது என்ன சிகிச்சை நடக்கிறது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

பதினோராவது அழைப்பு ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் சுடலைமுத்து என்று சொன்னார். பேச்சு திருநெல்வேலிப் பேச்சு. மருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறது என்று கேட்டார். வழக்கமான பதிலைச் சொன்னேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை.

"அப்பம் எம்புட்டு நாள் ஆவும்? ஏன் கேக்கேன்னா, வீட்டுக்காரிக்கு ரெண்டு தேதி விட்டாச்சு. மூணாவதையும் விடலாமா வேண்டாமான்னு தெரியணும்லா."

என்ன தேதி என்று கேட்டேன். கீமோ தேதி என்றார்.

அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு நாற்பத்து நான்கு வயது. மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று எட்டு தடவை கீமோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்கு முடிந்திருந்தது. எங்கள் கட்டுரை வந்த சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தாவது. அதற்குப் போகவில்லை. மூன்று வாரம் கழித்து ஆறாவது. அதற்கும் போகவில்லை. புது மருந்து வருகிறது, அதுவரை பொறுக்கலாம் என்று வீட்டில் முடிவு. நான் எண்ணை வாங்கிக்கொண்டேன். முகவரியையும் வாங்கிக்கொண்டேன்.

அன்று பிற்பகலே சயான் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து போனேன். கடை தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில். முன்னால் ஒரு பெஞ்சு. காலை எட்டு மணிக்கு அந்தப் பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்காருவார்களாம். சுடலைமுத்து பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வயதானவர்களில் சிலருக்குக் கண் போதாது, இளையவர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தலைப்பும் முதல் இரண்டு மூன்று பத்தியும் படிப்பதற்குள் யாராவது பருப்பு கேட்டு வந்துவிடுவார்கள். செய்தி அங்கேயே நின்றுவிடும். முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, என் வாசகர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கட்டுரையை மட்டும் அவர் கடைசிவரை படித்திருந்தார். வெட்டியெடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். மனைவியின் மருத்துவமனைக் கோப்பைத் திறந்து காட்டினார். அறுவைச் சிகிச்சை அறிக்கைக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கும் நடுவில் அது இருந்தது. அச்சில் கடைசியாக வந்திருந்த வாக்கியத்தைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டிருந்தார். கீமோவுக்கு அடங்காத செல்களும் இதற்கு அடங்குகின்றன என்ற வாக்கியம். அதற்குக் கீழே வர வேண்டிய சொல் 'இருப்பினும்'. அங்கே அஞ்சலிப் பெட்டியின் கறுப்புக் கோடு இருந்தது.

நான் கையோடு முழுக் கட்டுரையின் அச்சுப்பிரதியைக் கொண்டுபோயிருந்தேன். கடைசிப் பத்தியைப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது பேப்பர்ல வரலியே" என்றார்.

வெட்டிவிட்டோம், என் தவறு என்றேன்.

"நீங்க சொல்லுதீய. இது இன்னைக்கு டைப் அடிச்சுக் கொண்டாந்த தாளு. பேப்பர்ல போட்டது ஊருக்கே போட்டது. அது எப்படி மேடம் தப்பாப் போவும்?" அவர் வாதம் செய்யும் குரலில் பேசவில்லை. எனக்கு விளக்கிச் சொல்லும் குரலில் பேசினார். "ஆஸ்பத்திரில காலைல ஆறு மணிக்கு லைன்ல நின்னா ஒரு மணிக்குக் கூப்பிடுதாவ. ஹிந்தில ரெண்டு நிமிசம் பேசுதாவ. அதுல பாதி எனக்கு வெளங்காது. ஒங்க பேப்பர் எங்கிட்டத் தமிழ்ல பேசுது. உக்காந்து பேசுது."

அவர் மகள் சயானில் கல்லூரியில் படிப்பவள். அவள் மொபைலில் ஆங்கிலத்தில் தேடிப் படித்துவிட்டு அப்பாவிடம் முதல் வாரமே சொல்லியிருக்கிறாள். இப்போதும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நான் சொன்னேன் பப்பா, அது எலிக்குக் குடுத்த தவாய். மம்மிக்கான மருந்து இல்ல" என்றாள்.

பேச்சியம்மாள் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையில் துணி கட்டியிருந்தார். துணியின் ஓரத்தில் குட்டையாக முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. மகள் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார்.

"எலிக்குக் கேக்கும்னா எனக்குக் கேக்காதாட்டீ? நானும் இந்தப் பொந்துக்குள்ளதான கெடக்கேன்."

கீமோவை நிறுத்தியது கணவரின் முடிவு என்று நினைத்துத்தான் நான் போயிருந்தேன். அங்கே போன பிறகுதான் புரிந்தது. காலையில் அவர் பெஞ்சில் படித்ததைப் பேச்சியம்மாள் உள்ளே இருந்து கேட்டிருக்கிறார். கணவர் அன்று மதியம் சாப்பிட வந்தபோது, இனி அந்த ஊசிக்கு வர மாட்டேன், அந்த மருந்து வந்ததும் போவோம் என்று சொல்லியிருக்கிறார். சுடலைமுத்து முதலில் தயங்கினாராம். பேப்பர்காரன் வேலை மெனக்கெட்டுப் பொய் எழுதுவானா என்று மனைவி கேட்டதும் ஒப்புக்கொண்டாராம்.

அவர்கள் இரண்டு பேரிடமும் அரை மணி நேரம் பேசினேன். பயன் இல்லை. நான் ஒரு பெண்மணி, நல்லபடியாகப் பேசுகிறேன், தேநீர் கொடுத்தார்கள். ஆனால் நான் பத்திரிகை இல்லை. அடுத்த ஊசி நாள் எப்போது என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் எப்போது போனாலும் எடுத்துக்கொள்வார்கள் என்றார் சுடலைமுத்து. மறுநாள் செவ்வாய். அதற்குள் எதுவும் அச்சாகாது. சனிக்கிழமை பக்கம் இருந்தது. அதற்கு அடுத்த செவ்வாய்க்கு இன்னும் எட்டு நாள்.

அலுவலகத்துக்குத் திரும்பி ஆசிரியரைப் பார்த்தேன். நேர்மையான மனிதர், என்னைவிட இளையவர். கட்டுரையை எடுத்துவரச் சொல்லிப் படித்தார். இதில் எது பொய் என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். பொய்யில்லாததைத் திருத்தினால் மற்றதெல்லாம் பொய் என்று ஆகிவிடும் என்றார். வேண்டுமானால் இரண்டாம் பக்கத்தின் அடியில் மூன்று வரி விளக்கம் போடலாம் என்றார். நம் வழக்கம் அதுதான். அந்த மூன்று வரியை யாரும் படிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மருத்துவப் பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வேண்டும் என்றேன். ஒரு குடும்பத்துக்காகவா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். நான் அப்போதுதான் அங்கேயிருந்து வந்திருந்தேன். குறிப்பேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"பதினோரு பேர் கூப்பிட்டாங்க. ஒருத்தரோட நம்பர்தான் எங்கிட்ட இருக்கு. அவர் பொண்டாட்டி ரெண்டு தேதியை விட்டிருக்காங்க. மத்த பத்து பேர் வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. அவங்ககிட்டப் பேச எனக்கு அந்தப் பக்கத்த விட்டா வேற வழியில்ல."

அவர் கொஞ்ச நேரம் கோடுகளைப் பார்த்தார். எண்ணிப் பார்த்தாரோ என்னவோ. பிறகு சரி என்றார். ஒரு நிபந்தனை: தவறு நேர்ந்தது, வருந்துகிறோம் என்றெல்லாம் எழுதக் கூடாது. நான் வரைவில் 'கடைசிப் பத்தி நீக்கப்பட்டது' என்று எழுதியிருந்த இடத்தை அவர் 'இடம்பெறவில்லை' என்று மாற்றினார். ஒப்புக்கொண்டேன். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதைப் பத்து நிமிடத்துக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கும் நாட்கள் உங்களுக்கும் வரும். எங்கள் மானம் எப்படிப் போகிறது என்பது அன்றைக்கு இரண்டாவது விஷயம். எந்த வாக்கியம் முதலில் வருகிறது என்பதுதான் முதல் விஷயம். தலைப்பையும் முதல் பத்தியையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தொடவில்லை.

மாட்டுங்கா ஆய்வாளரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஐந்து வாரமா என்று மட்டும் கேட்டார். அவருக்கு நோயாளிகளைப் பார்க்கும் வேலை இல்லை. அவர் நாள் முழுதும் பார்ப்பது தட்டும் இயந்திரமும்தான். பிறகு சொன்னார்:

"நான் சொல்றதை அப்படியே முதல்ல போடுங்கோ. இந்த மருந்து இன்னும் யாருக்கும் சிகிச்சையா வரலை. உங்களுக்கு இருக்கற புற்றுநோய்ல இது நல்லது பண்ணுமா கெடுதல் பண்ணுமான்னு எங்களுக்கே தெரியாது. இன்னிக்குக் கையில இருக்கற மருந்தை விடாதீங்கோ. போறும். மத்த விஞ்ஞானம் எல்லாம் அப்புறம்."

அப்படியே போட்டேன். பேச்சு நடையை எழுத்து நடையாக்கியதைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை. தலைப்பு: 'புது மருந்து இன்னும் வரவில்லை, கீமோவை நிறுத்தாதீர்கள்'. அழகான தலைப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வியாழக்கிழமை பக்கம் முடியும்வரை பக்கம் அமைப்பவரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றும் இரண்டு விளம்பரம் வந்தது. இந்தமுறை வேறொரு கட்டுரையை முழுதாக எடுத்து அடுத்த வாரத்துக்கு வைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தச் சந்துக்குப் போனேன். பெஞ்சில் நான்கு பேர் இருந்தார்கள். சுடலைமுத்து எனக்கு ஒரு ஸ்டூலைக் காட்டிவிட்டுப் பத்திரிகையை விரித்தார். மருத்துவப் பக்கத்துக்கு வந்ததும் தலைப்பைப் படித்தார். நிறுத்தி, தனக்குள் ஒருமுறை படித்தார். பிறகு முதல் பத்தியை மற்றவர்களுக்குப் படித்தார், குரலை ஏற்றாமல் இறக்காமல்.

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "என்ன ஓய், போன மாசம் மருந்து வந்தாச்சுன்னு நீருதான வாசிச்சீரு?" என்றார்.

"எழுதிருந்தத வாசிச்சேன்."

"அப்பம் இது?"

"இதும் எழுதிருக்கதுதான்."

இன்னொருவர், காசு வாங்கிக்கொண்டு எழுதுவான்களாயிருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். சுடலைமுத்து சிரிக்கவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். கணவனும் மனைவியும் பேசும் சத்தம் கேட்டது. பெரும்பாலும் அவர் பேசினார். பேச்சியம்மாள் இரண்டொரு முறை ஏதோ சொன்னார். யாரோ அரிசி கேட்டு வந்தார்கள். மகள் வெளியே வந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர் வெளியே வந்தபோது கையில் பிளாஸ்டிக் உறை போட்ட அந்தத் துண்டு இருந்தது. என்னிடம் நீட்டினார்.

"இத நீங்களே வச்சுக்கிடுங்க. செவ்வாக்கெழம கூட்டிட்டுப் போறேன். நாளையிலேர்ந்து பேப்பர் போட வேண்டாம்னு ஏஜென்ட்கிட்டச் சொல்லிருதேன். தப்பா நெனைக்காதீய. ரெண்டையும் ஒரே பேப்பர்தான் போட்டிருக்கு. நாளைக்கு மூணாவது ஒண்ணு போடும். எது நெசம்னு கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு பத்தாது."

துண்டை வாங்கிக்கொண்டேன். மனைவியை அழைத்துப் போகிறார், அதற்குத்தான் நான் வந்திருந்தேன். எங்களை நம்பியதால் ஒருமுறை தவறினார். எங்களை நம்புவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போகிறார். ஒரு கடை, அதன் முன்னால் ஒரு பெஞ்சு, ஐந்தாறு வாசகர்கள். அன்று அவர்களை இழந்தோம். அவர் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதை உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சரியான திருத்தம் போட்டால் வாசகர் நம்மை மதிப்பார் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். சிலர் மதிக்கக்கூடும். மதிக்காவிட்டாலும் போட வேண்டும். மற்ற பத்து பேரில் இரண்டு பேர் அந்த வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டில் யாரும் எதையும் நிறுத்தியிருக்கவில்லை. எட்டு பேர் கூப்பிடவில்லை. அவர்களைப் பற்றி எனக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அதன் பிறகு மருந்தைப் பற்றிக் கேட்டுக் கூப்பிடுகிற யாரிடமும், பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன்: வீட்டில் யாருக்கு, இப்போது என்ன கொடுக்கிறார்கள்? 'இருப்பினும்' என்ற சொல்லைப் பக்கத்தின் அடியில் வைப்பதையும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நானும் மருத்துவமனைக்குப் போனேன். பேச்சியம்மாள்தான் வரச் சொல்லியிருந்தார். டாக்டர் ஹிந்தியில் வைவார், நீங்கள் நடுவில் நில்லுங்கள் என்று. மருத்துவர் இளம் பெண், மராட்டியர். இரண்டு தேதி ஏன் வரவில்லை என்று கேட்டார். சுடலைமுத்து என்னைப் பார்த்தார். நான் எங்கள் பத்திரிகையின் பெயரைச் சொல்லி, அதில் வந்த கட்டுரையைச் சொல்லி, எழுதியது நான் என்றேன். மருத்துவர் என்னை நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, கேஸ் பேப்பரில் ஏதோ எழுதினார். திட்டவில்லை. ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு அன்றே தொடங்கலாம் என்றார். இந்த ஐந்து வாரம் தள்ளிப்போனதால் எவ்வளவு கெடுதல் என்று கேட்டேன். இந்த ஒருவருக்கு இவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, இனி தவறாமல் வரட்டும் என்றார். அதையே தமிழில் அவர்களுக்குச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பேச்சியம்மாள் மீதி நான்கையும் முடித்தார். இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறார். அந்த ஐந்து வாரம் எதையாவது எடுத்துக்கொண்டதா என்பது இன்னும் எங்களில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பரிசோதனை நாளுக்கும் மறுநாள் நான் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊசி ஏறத் தொடங்கிய பிறகு, சுடலைமுத்து மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். எங்களால்தான் உங்களுக்கு இந்தக் கஷ்டம் என்றேன். பேச்சியம்மாள் குழாய் குத்திய கையை அசைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவிய ஒங்கள வைவாவ. நான் வையமாட்டேன். அந்த அஞ்சு வாரமும் எனக்குச் சோறு ருசிச்சுது, மேடம். நாளையிலேர்ந்து மறுபடியும் மண்ணாட்டம் இருக்கும்."